அக்காவின் சம்மதம்

"எலி, நீ தைரியமா போ. அம்மாவை நான் பாத்துக்கறேன். எத்தனை வருஷமானாலும் சரி."

அக்காவிடமிருந்து இந்தச் செய்தி வந்து மூன்று நாளாகிறது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வேறு ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. திங்கள்கிழமைக்குள் சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டும். ஆனால் அம்மாவுக்கு வலது கை சரியாக வராது. பட்டன் போட, தலை வார, மருந்துப் பாட்டிலைத் திறக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான். புது வேலையைப் பற்றி அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அதுவும் எழுதித்தான்.

பதிலைப் படித்ததும் அழுதேன். மறுபடி படித்தபோது இடித்தது. அக்கா எதையும் அப்படித் தூக்கிக் கொடுப்பவள் அல்ல. பள்ளியில் பென்சில் கொடுத்தால்கூடச் சாயங்காலமே திருப்பிக் கேட்பாள்.

பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன். 'எலி' அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர். தனக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அப்படிக் கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் 'ஏய்'. இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு செய்திகள் அனுப்பியிருந்தாள். நாற்பத்தொன்றும் 'எலி' என்றே தொடங்கின. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டார்கள்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. உடனே செய்தி வந்தது: "எலி, வேலையில இருக்கேன். அப்புறம் பேசறேன்." பேசவில்லை.

அம்மாவின் தலையை வாரிக்கொண்டே கேட்டேன்.

"அக்கா உனக்கு மெசேஜ் போடறாளா?"

"தினமும் போடறா. முன்னெல்லாம் நாலு கேட்டா ஒண்ணுக்குப் பதில் வரும், அதுலயும் ரெண்டு திட்டு இருக்கும். இப்ப தேனா ஒழுகுது."

"நல்லதுதானே."

"என்னத்த நல்லது. அவ வீட்டுக்காரர் உக்காந்து எழுதறாரோ என்னவோ."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் போன் மாமாவிடம் ஏன் இருக்க வேண்டும்? அப்படியானால் அக்காவுக்கு என்ன?

எங்கள் நிலையத்தில் காலையில் எடுத்த எடுப்பிலேயே நோயாளிகளின் ரத்தத்தை எந்திரத்தில் வைக்க மாட்டோம். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை வைப்போம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அதில் எந்திரம் தப்பாகச் சொன்னால், சரிசெய்யும்வரை யாருடைய முடிவும் வெளியே போகாது.

மதியம் அக்காவுக்கு எழுதினேன்: "அப்பா நம்மளைப் படகுல கூட்டிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா?"

அப்பா எங்களைப் படகில் கூட்டிப்போனதே இல்லை. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆற்றுப் பாலத்தைக்கூட பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் கடப்பார்.

பதினோரு விநாடியில் பதில் வந்தது. "எலி, மறக்க முடியுமா? அப்பா அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தார்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் கேட்டார். "என்னம்மா, ரிசல்ட் தப்பா வருதா?"

"ஆமா சார்."

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரு."

"நேர்ல போய்தான் பாக்கணும் சார். அரை நாள் லீவு வேணும்."

இரண்டு பஸ் மாறிப் போனேன். மாமாதான் கதவைத் திறந்தார். கை ஈரமாக இருந்தது.

"வாம்மா. என்ன, சொல்லாம கொள்ளாம?"

"அக்கா எங்க?"

"தூங்கறா."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கா?"

"ராத்திரி ஷிப்ட்மா. இப்பதான் கண்ணசந்தா. எழுப்பினா என்னைக் கொன்னுடுவா."

அவர் வாசலை விட்டு நகரவில்லை.

"மாமா, அவ போன் யார்கிட்ட இருக்கு?"

அவர்களுக்குக் கல்யாணமான இந்த எட்டு வருடத்தில் நான் அவரிடம் பேசியவற்றில் அதுதான் நீளமான வாக்கியமாக இருக்கும். "உனக்குக் கோபமெல்லாம் வருமா?" என்று கேட்டு வழிவிட்டார்.

அறையில் ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்தது. அக்கா குப்புறப் படுத்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். போன் தலைமாட்டு மேஜையில் இருந்தது. வாசற்படியில் நின்றபடியே எழுதினேன்: "என்ன பண்றே?"

மேஜையில் திரை ஒளிர்ந்தது. யாரும் தொடவில்லை. என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. "எலி, சும்மாதான் இருக்கேன். உன்னைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

குறட்டை நிற்கவில்லை.

நான் அவள் தோளை உலுக்கினேன்.

"ஏய், நீ எப்ப வந்தே? அம்மாவுக்கு ஏதாவதா?"

"உன் போன்ல யாரு எழுதறா?"

அவள் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவளுக்கு வாடிக்கையாளர் சேவையில் வேலை. ஒரு ஷிப்டுக்கு நூறு பேருக்காவது பதில் அடிக்க வேண்டும். அதற்காக ஆபீஸில் ஒரு மென்பொருள் கொடுத்திருந்தார்கள். அதைத் தன் போனிலும் போட்டுக்கொண்டாள். அது பழைய செய்திகளைப் படித்து அவளைப் போலவே எழுதும்.

"வீட்டுக்கு வந்தா விரல் வரமாட்டேங்குதுடி. அம்மா இடது கையாலேயே ஒரு நாளைக்கு முப்பது மெசேஜ் அனுப்பறா. பதில் இல்லைன்னா அழறா."

"படகுல போனோம்னு சொல்லிச்சு."

"எதைக் கேட்டாலும் ஆமாங்கும். கஸ்டமர்கிட்ட இல்லைன்னு சொல்லக் கூடாது, அதான் ரூல்."

என் போனை அவளிடம் நீட்டினேன். வேலை, கடிதம், திங்கள்கிழமை, அம்மாவை அவள் பார்த்துக்கொள்வதாக வந்த பதில் எல்லாவற்றையும் முதல் தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சிவந்தது.

"இது நான் சொல்லல."

"தெரியும். நீ என்ன சொல்வேன்னு கேக்கத்தான் வந்தேன்."

வெளியே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறு மாசம்" என்றாள். "ராத்திரியில இவர் பாத்துப்பார். அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கணும். முதல்ல இவர்கிட்ட கேக்கணும்."

"கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றார் மாமா, சமையலறையிலிருந்து. "வரச் சொல்லு."

"ஏழாவது மாசம்?"

"தெரியல. இப்பவே என்னத்தைச் சொல்ல?"

போன் கொடுத்த வாக்கைவிட இது ரொம்பக் குறைவு. குறைவாக இருந்ததால்தான் நம்பலாம் என்று பட்டது. ஆனாலும் அம்மாவிடம் இதை இப்போதே, என் எதிரில், வாயால் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கடிதம்.

"என்னை நம்பலயா?"

"நம்பறேன். போடு."

அவள் முறைத்துக்கொண்டே எண்களைத் தட்டினாள். மணி அடிக்கத் தொடங்கியது. திரையில் இருப்பது அம்மாவின் எண்தானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன்.