சசிரேகா வாக்கியத்தில் அமைத்த சொற்கள்

யோகேந்திரன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரே நேரத்தில் பல இடங்களில் இருந்தான். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விலை கேட்டான். கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டினான். பிரிஞ்சாங்கில் கமருஸ்ஸமானின் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே இரண்டு பேராக உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்தான். அன்று விடியற்காலையில் அவன் மனைவி சசிரேகா அடுப்பைப் பார்த்து, "மை ஹஸ்பண்ட் இஸ் யுபிக்விட்டஸ்" என்று சொல்லியிருந்தாள். எங்கும் நிறைந்தவன் என்று பொருள். வீட்டில் தங்காத புருஷனைப் பற்றி நக்கலாகச் சொன்னதுதான். இருட்டியதும் எல்லா யோகேந்திரன்களும் பசியோடு வீடு திரும்பினார்கள். "நான் எத்தன பேருக்குங்க சோறு போடுவேன்?" என்று அவள் தலையில் கைவைத்தாள். "மீன் தீந்துருச்சா?" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவள் போனைத் தடவித் தேடி, "மை ஹஸ்பண்ட் இஸ் சிங்குலர்" என்று சொன்ன பிறகு ஒருவன் மட்டும் மிஞ்சினான். அந்தச் சொல்லுக்கு ஒப்பற்றவன் என்றும் ஒரு பொருள் உண்டு. அதிலிருந்து அவனிடம் பேசவே முடிவதில்லை.

சசிரேகா அந்த மலைச்சரிவிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தோள் தேய்ந்தவள். சுற்றுப்பயணிகளுக்காகத் தோட்டம் நடத்தும் தேயிலைக் கடையில் வேலைக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், உயர்ந்த ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இடம் என்றும் கேள்விப்பட்டு, போனில் தினமும் ஒரு கடினமான சொல்லைக் கற்று, அதை வாக்கியத்தில் அமைத்துப் பழகிவந்தாள். இலக்கணப் பிழையில்லாத வாக்கியங்கள் பலித்தன. பிழையுள்ளவை பலிக்கவில்லை. லைன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் இதைக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததைப் போல ஏற்றுக்கொண்டு, ஆளுக்கொரு சொல் கேட்டு வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ஜெயா தன் மகளின் கல்யாணத்துக்கு அழகான சொல்லாகக் கேட்டாள். சசிரேகா, "தி பிரைட் இஸ் எதீரியல்" என்றாள். மண்ணைச் சேராத அழகு. முகூர்த்தத்தன்று பெண் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றாள். மாப்பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டே தாலி கட்டினான். இப்போது ஈப்போவில் குடித்தனம். செருப்புச் செலவு இல்லை என்று மாமியாருக்குச் சந்தோஷம்.

நேர்காணலில் சசிரேகாவிடம், வரிசையில் நிற்கச் சொல்லவும் கழிப்பறைக்கு வழி காட்டவும் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். வேலை கிடைத்துவிட்டது. கற்ற சொற்களுக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

அந்த ஆண்டின் கடைசியில் மேனேஜர் குகனேஸ்வரன் லைனுக்கு வந்தார். இன்னமும் துரை என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். கம்பெனி அந்தச் சரிவில் ஹோட்டல் கட்டப்போகிறது, சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குள் எல்லோரும் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினார். போக்கிடம் என்று யாருக்கும் எதுவும் இல்லை. லைன் தலைவர் வேலப்பன் சசிரேகாவின் வாசலில் வந்து நின்றார். "பெரிய வார்த்தையா ஒண்ணு சொல்லு லா. இங்கேயே பொறந்தோம், எங்க போறது?"

அவள் யோசித்து, "தி மேனேஜர் இஸ் ஃபிலன்த்ராபிக்" என்றாள். வாரி வழங்கும் கொடையாளி. மறுநாளே குகனேஸ்வரன் கைக்கடிகாரத்தைக் காவல்காரருக்குக் கொடுத்தார். காரைப் பால்காரருக்கும், காலில் போட்டிருந்த சப்பாத்தை மழையில் நடந்துவந்த ஒரு சுற்றுப்பயணிக்கும் கொடுத்தார். ஆனால் லைன் வீடுகள் அவருடையவை அல்ல, கம்பெனியுடையவை. அவற்றை மட்டும் அவரால் கொடுக்க முடியவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் லைனின் கடைசியில் காலியாகக் கிடந்த வீட்டுக்கு ஒரு பாயோடு குடிவந்தார். சசிரேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் சில நாட்கள் அவளே சாப்பாடு கொண்டுபோனாள். அவர் அதை அப்படியே நாய்களுக்குக் கொடுத்துவிட்டதால், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள்.

கோலாலம்பூரிலிருந்து புதிய அதிகாரி வந்தார். கோயில் முன்னால் கூட்டம் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். யாரும் அசையாததைக் கண்டு எரிச்சலோடு, "யூ பீப்பிள் ஆர் இன்ட்ரான்சிஜன்ட்!" என்றார். அவர் சொன்னது பலிக்கவில்லை; மறுநாளே பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். சசிரேகா கடைசி வீட்டுக்குப் போனாள்.

"தொர, இன்ட்ரான்சிஜன்ட்டுன்னா என்னாங்க?"

"புடிவாதம். என்ன சொன்னாலும் எறங்கி வராதது." குகனேஸ்வரன் கையை உயர்த்தித் தடுத்தார். "ஆளுங்கள பத்தி சொல்லிடாதம்மா. எனக்கு நடந்ததே போதும்."

சசிரேகா வெளியே வந்தாள். பனி இறங்கிய லைனை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். "அவர் ஹவுசஸ் ஆர் இன்ட்ரான்சிஜன்ட்" என்றாள். எங்கள் வீடுகள் இறங்கி வராதவை என்று பொருள்.

சீனப் பெருநாள் முடிந்து மண்வாரி இயந்திரம் வந்தது. முதல் வீட்டின் பலகைச் சுவரை முட்டியது. இயந்திரத்தின் கை வளைந்தது, சுவரில் கீறல் விழவில்லை. பெரிய இயந்திரம் கொண்டுவந்தார்கள். அது சரிவில் பின்னோக்கிப் போய் வாய்க்காலில் உட்கார்ந்தது. எஞ்சினியர்கள் மண்ணைப் பரிசோதித்து, மண்ணில் குறையில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில் கம்பெனி ஹோட்டலை வேறு மலைக்கு மாற்றிக்கொண்டது. மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். வேலப்பன் முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்.

வீடுகள் தங்கள் ஆட்களுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அதன்பிறகுதான் தெரியவந்தது. சுவரில் ஆணி இறங்கவில்லை. ஒழுகும் கூரையை மாற்ற ஏறினால் தகரம் அசையவில்லை. கதவுகள் தங்களுக்குத் தோன்றும்போது மட்டுமே திறந்தன. எதிர்ப்பதமாக ஒரு சொல் சொல்லச் சிலர் கேட்டார்கள். கம்பெனி இயந்திரத்தோடு திரும்பி வந்துவிடும் என்று மற்றவர்கள் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். இப்போது அந்த லைனில் யாரும் சாவி வைத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, குடையை விரித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நல்ல நாளென்றால் மழை விடுவதற்குள் திறந்துவிடும்.