ஃபேமிலிக்கு லீவு கிடையாது

எங்க முதலாளிக்கு இங்கிலீஷ் மேல அப்படியொரு பைத்தியம். நாங்க செய்யறது என்னவோ அட்டைப்பெட்டி. ஆனாலும் திங்கட்கிழமை காலையில கைரேகை மெஷினுக்குப் பக்கத்துல இருக்கற போர்டுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தாகணும். அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படிப் பயன்படுத்தறது, எல்லாம் எழுதணும். ஆபீஸ் கிளார்க்குங்கறதால அந்தத் தலையெழுத்து எனக்கு.

போன மாசம் 'டீம்' எழுதினேன். ஒரே நுகத்துல பூட்டின மாடுங்களுக்குத்தான் ஒரு காலத்துல அந்தப் பேராம். முதலாளி படிச்சுப் பூரிச்சுப்போய், "பாருங்கப்பா, மாடு என்னைக்காவது லீவு கேட்டிருக்கா?"ன்னார். எல்லாரும் சிரிச்சு வச்சாங்க. வேற என்ன பண்றது?

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரலை. எங்க அக்காவுக்கு வியாழக்கிழமை ஊர்ல ஆபரேஷன். வயித்துல கட்டி. மாமா போய் நாலு வருஷமாச்சு, பிள்ளைங்களும் இல்லை. பக்கத்துல நிக்க என்னை விட்டா ஒரு ஈ காக்கா கிடையாது. சனிக்கிழமையே மூணு நாள் லீவு எழுதி முதலாளி மேஜையில வச்சேன்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "ஏம்மா, நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி இல்லையா? ஃபேமிலியில யாராவது லீவு லெட்டர் குடுப்பாங்களா? வெள்ளிக்கிழமை பெரிய லோடு வேற போகுது." சொல்லும்போதே முகம் மலர்ந்துது. "திங்கட்கிழமை அந்த வார்த்தையையே எழுதிடு. எல்லாருக்கும் உறைக்கட்டும்!"

எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துது. பல்லைக் கடிச்சுக்கிட்டு அகராதியைப் புரட்டினேன். அட, இப்படியும் ஒரு கதை இருக்கா!

திங்கட்கிழமை எழுதினேன். "ஃபேமிலி. அர்த்தம்: குடும்பம். மூலம்: லத்தீன்ல 'ஃபமுலுஸ்', அதாவது வேலைக்காரன். ஒரு எஜமானோட வீட்டு வேலையாட்கள், அடிமைங்க எல்லாரையும் சேர்த்துச் சொன்ன பேர் 'ஃபமிலியா'. பயன்பாடு: நம்ம கம்பெனி ஒரே ஃபேமிலி."

லோடு ஏத்தி அனுப்பற டெஸ்பாட்ச் அண்ணன் அதைச் சத்தமாப் படிச்சார். கூட்டம் கூடிப்போச்சு. பின்னாடியே முதலாளி வந்தார். அவர் ரெண்டு தடவை படிச்சார். என் வேலைக்கு இன்னையோட சங்குதான்னு நெனச்சேன்.

"லத்தீனா! பேஷ், பேஷ்! இதை டி-ஷர்ட்ல அடிச்சா என்ன? முதுகுல பெரிசா 'ஃபமுலுஸ்'னு!"

அடப்பாவி மனுஷா! திட்டினாக்கூட உறைக்காத தோலா அது?

"சார், எனக்கு டி-ஷர்ட் வேணாம்"னேன். "இந்த ஃபேமிலியும் வேணாம். நான் சம்பளத்துக்கு வந்த ஆளாவே இருந்துட்டுப் போறேன். அந்த ஆளுக்கு வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் லீவுன்னு நீங்களே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுல மூணு நாள் குடுங்க. எங்க அக்கா அங்க தனியாக் கிடக்கா சார்."

கடைசியில குரல் உடைஞ்சுபோச்சு. அழாம பேசணும்னு எவ்வளவு நெனச்சிருந்தேன்!

"நானும் ஃபேமிலியிலேருந்து விலகிக்கறேன் சார்"னார் டெஸ்பாட்ச் அண்ணன். கட்டிங் மெஷின்கிட்டேருந்து இன்னும் நாலு குரல் அதையே சொல்லிச்சு.

முதலாளி எல்லார் முகத்தையும் ஒரு சுத்து பார்த்தார். விறுவிறுன்னு உள்ள போய் என் லெட்டர்ல கிறுக்கிக் குடுத்தார். "முதல்ல அந்த போர்டை அழி!"

அழிச்ச கையோட வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மோட்டார் ரிப்பேர் கடையில இருந்தார். "லீவு கிடைச்சிடுச்சுங்க!"ன்னேன். போன்ல யாருன்னு அங்க யாரோ அவரைக் கேட்டாங்க. "ஃபேமிலிதான்"னு அவர் சொன்னது எனக்கும் கேட்டுது.

அப்புறம் என்கிட்ட, "மூணு நாளா? அப்ப இங்க சமையல் யாரு? என் துணியெல்லாம்?"

அக்காவுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. முதலாளி மேலகூட எனக்கு அவ்வளவு கோபம் வரலை.

"அடுப்பு சமையலறையில வலது பக்கம் இருக்கு. புதன்கிழமை நான் கிளம்பறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டேன். இந்தப் பதினாலு வருஷத்துல அவரைக் கேக்காம நான் எங்கயும் கிளம்பினதில்லை.

உடனே அக்காவுக்குப் போட்டு, "வரேன்க்கா"ன்னேன். அவ மெதுவா, "உன்னை விட்டாங்களாடி?"ன்னு கேட்டா.