போட்டோவுக்கு இரண்டு வாளிக் குப்பை

மும்பை மாட்டுங்காவில் கைடு பெண்கள், அதாவது சாரணியர், கூடும் பள்ளி ஹாலில், பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு சார்ட் பேப்பர் சுவரில் ஒட்டியிருந்தது. ஜூலை என்றால் மரக்கன்று நடுவது. செப்டம்பரில் கணபதி கரைக்கிற அன்று கூட்டத்துக்கு எலுமிச்சை ஜூஸ். நவம்பரில் கைடு கொடி ஸ்டிக்கர் விற்பது. டிசம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டு. ஜனவரிக் கட்டத்தில் ஹரிதா சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'ஸ்லம் க்ளீனிங், தாராவி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு துடைப்பம் வரைந்து, அந்தத் துடைப்பத்துக்குச் சிரிக்கிற முகமும் வைத்திருந்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இசக்கிக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஹரிதாவிடம் எப்படிச் சொல்வது? தன் டிபனில் பாதியைக் கேட்காமலே இவளுக்கு எடுத்து வைப்பவள் அவள். கெட்டவளாக இருந்தால் ஒரு நாள் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

பதினெட்டு பெண்கள் உள்ள அந்தக் குழுவில், தாராவியிலிருந்து நடந்தே வருகிறவள் இசக்கி ஒருத்திதான். பத்தாம் வகுப்பு. கேட்டால் பேசுவாள், கேட்காவிட்டால் பேச மாட்டாள். ஆனால் முடிச்சுப் போடுவதிலும் கூடாரம் கட்டுவதிலும் முதலுதவியிலும் அவளை யாரும் தொட முடியாது. நான்கு வருடமாக ஒவ்வொரு பேட்ஜாகச் சேர்த்து, மாநில விருதுக்கு ஒரு படி கீழே வந்து நின்றாள். பிப்ரவரியில் தேர்வு முகாம். அதற்குப் போக லாக் புக் நிரம்பியிருக்க வேண்டும். அவளுடைய லாக் புக்கில் ஒரே ஒரு பக்கம்தான் காலி: சேவைத் திட்டம். மேலே 'முன்பு' என்று ஒரு போட்டோ, கீழே 'பின்பு' என்று ஒரு போட்டோ, அடியில் கேப்டன் கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் மாவட்ட ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். பத்தாவது முடித்தவர்களை அந்தக் குழுவில் வைத்துக்கொள்வதில்லை. ஆக, இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

அவளை விட அவள் அம்மாவுக்குத்தான் அந்த விருது வேண்டியிருந்தது. அம்மா ஆறுமுகத்தாய் முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவள். 'கவர்னர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டு' என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் காட்டினால் எந்தக் காலேஜிலும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு.

புதன்கிழமை கூட்டத்தில் கேப்டன் விசாலாக்ஷி மிஸ் சார்ட்டைத் தட்டிக் காட்டினார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எல்லா ஞாயிறுகளையும் இந்தப் பெண்களுக்கே கொடுத்துவிட்டவர்.

"இந்தத் தடவை எங்கேயும் தேடிண்டு அலைய வேண்டாம், கேட்டியா. நம்ம இசக்கியோட சந்துக்கே போயிடலாம். வழி காட்டவும் ஆள் ஆச்சு. என்னடி கொழந்தே, சரிதானே?"

பதினேழு முகங்கள் திரும்பின. இசக்கி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவள் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு அன்று வீட்டில் நடந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க மிஸ்ஸும் பிள்ளைகளும் நம்ம சந்துக்கு வாராவம்மா."

"எதுக்குட்டி?"

'நம்ம சந்தைக் கூட்ட' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சும்மா, பாக்க" என்றாள்.

சும்மா பார்க்க மாட்டுங்காவிலிருந்து பதினெட்டு பேர் வருகிறார்கள் என்றால் ஆறுமுகத்தாய் சும்மா இருப்பாளா? சனிக்கிழமை பட்டறைக்கு லீவு போட்டாள். பன்னிரண்டு வீட்டுப் பெண்களையும் வெளியே இழுத்துவந்தாள். கட்டர் என்கிற சாக்கடையின் சிலாப்பைத் தூக்கி, மூன்று மாதமாக அடைத்துக் கிடந்த சேற்றை வாரிக் கோணிகளில் கட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சொரிமுத்து, பள்ளிக்கூடப் பை தைக்கிறவர், தன் மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கோணிகளை மெயின் ரோட்டு மூலையில் இருக்கும் கச்சரா டப்பா என்கிற குப்பைத்தொட்டிவரை முதுகில் சுமந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். சுவரில் பான் எச்சில் இருந்த இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். இசக்கி பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தபோது, சந்து அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவின் விரல்கள் பிளீச்சிங் பவுடரில் வெந்து சிவந்திருந்ததைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஸ்கார்ஃப், விசில், ரப்பர் கையுறை, மூக்கை மூடிய மாஸ்க் சகிதம் பதினேழு பெண்கள் மிஸ்ஸின் பின்னால் வரிசையாகச் சந்துக்குள் நுழைந்தார்கள். ஆளுக்கொரு புதுத் துடைப்பம். பன்னிரண்டு வாசலிலும் கோலம். ஆறுமுகத்தாய் நல்ல சேலை கட்டி, எவர்சில்வர் தட்டில் முறுக்கோடு நின்றாள்.

"வாங்கம்மா, வாங்க. வெயிலுக்கு முந்தியே வந்துட்டிய" என்றவள் துடைப்பங்களைப் பார்த்தாள். மாஸ்க்குகளைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, உள்ளே இருந்தது போய்விட்டது.

"மிஸ், எதை க்ளீன் பண்றது?" என்றாள் ஹரிதா. "இங்க ஒண்ணுமே இல்லையே."

மிஸ் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். கட்டருக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு முறுக்கு உறை கூடக் கிடக்கவில்லை. இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்படிப் பண்ணிட்டியேடி. முன்னாடியே சொல்லி வெச்சியா?"

"வாராவன்னு மட்டும்தான் சொன்னேன் மிஸ்."

மிஸ் நெற்றியைத் தடவினார். "நாளைக்குக் கடைசி நாள். உன்னோடதோட சேர்த்து ஆறு லாக் புக் போகணும். 'முன்பு' போட்டோ இல்லாம அவா வாங்கிக்கவே மாட்டா." கொஞ்ச நேரம் மூலையில் இருந்த கச்சரா டப்பாவையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. ரெண்டு பக்கெட் எடுத்துண்டு வந்து இங்க கொஞ்சம் போடேன். ஒரு போட்டோ. ஒடனே நாமளே பெருக்கிடலாம். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு?"

இசக்கி போனாள். அதுதான் கேவலம். நான்கு வருடப் பழக்கம், மிஸ் சொன்னால் கால் தானாக நடக்கும். டப்பாவுக்குப் பக்கத்தில் நேற்றைய கோணிகள் இன்னும் கிடந்தன. ஒரு கோணியின் வாய் அவிழ்ந்திருந்தது. அம்மா போட்ட கட்டு. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் அம்மாவுக்கு முடிச்சு வராது. இசக்கி இரண்டு வாளி அள்ளினாள். அம்மா வாரிய அதே சேறு, அதே பிளாஸ்டிக். வாளிகளோடு சந்துக்குள் வந்தபோது எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

"ஏட்டி, என்னது இது?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"போட்டோவுக்கும்மா."

"போட்டோவுக்கா? கச்சராவையா?"

சொரிமுத்து வாசலிலிருந்து இறங்கி வந்தார். "டீச்சரம்மா, எனக்கு ஒரு சந்தேகம். நீங்க கூட்ட வந்தியளா, கொட்ட வந்தியளா? கொட்டதுக்குன்னா மாட்டுங்காவுலயே எடமிருக்குமே."

யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸின் முகம் சிவந்தது. "பொண்ணோட விருதுக்காகத்தான் சார். எனக்கென்ன வந்தது இதுல?" என்றார். அதில் பொய் இல்லை. அதுவே இசக்கிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் வாளிகளைத் தரையில் வைத்தாள்.

"நான் போட மாட்டேன் மிஸ்."

அவளுடைய குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நேத்து முழுக்க இவங்க வாருனாங்க. பன்னெண்டு பேரு. கையுறை கூட இல்ல. அவங்களை யாரும் போட்டோ எடுக்கல. நாங்க பத்து நிமிஷம் கூட்டுனா அது சேவை, அவங்க கூட்டுனா அது என்னது மிஸ்?"

"கத்தாதே இசக்கி."

"நான் கத்தல."

"லாக் புக்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? சொல்லு."

"போடாதீங்க."

மாஸ்க்குகளுக்கு மேல் முப்பத்து நான்கு கண்கள் விரிந்து நின்றன. ஹரிதா மெதுவாக வந்து, "டீ, ப்ளீஸ், அஞ்சு நிமிஷம்டீ. நா வேணா போடறேன்" என்றாள். இசக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஹரிதா பின்னால் போனாள்.

அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆறுமுகத்தாய் தட்டைச் சொரிமுத்து கையில் கொடுத்துவிட்டு வந்தாள். மகளைப் பிடித்துத் தள்ளினாள்.

"பெரிய ரோசக்காரி! ரெண்டு வாளி கச்சரா. வருசம் பூரா அதுக்குள்ளதானட்டி கெடக்கோம்? இன்னைக்கு மட்டும் நாறுதோ உனக்கு? நாலு வருசம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது இதுக்கா?"

"அம்மா, வேண்டாம்."

"வாய மூடு." மிஸ்ஸைப் பார்த்துக் கை கூப்பினாள். நேற்று வெந்த விரல்கள். "சின்னப் பிள்ளைம்மா. மனசுல வச்சிக்கிடாதிய. நான் போடுதேன்."

யாரும் தடுக்குமுன் ஆறுமுகத்தாய் முதல் வாளியைத் தூக்கித் தன் வாசலில், தான் போட்ட கோலத்தின் நடுவில் கவிழ்த்தாள். இரண்டாவதைக் கட்டர் ஓரமாக இழுத்துக் கொட்டினாள். ஒரு சொட்டு அவளுடைய நல்ல சேலையில் தெறித்தது. துடைக்கவில்லை. "போதுமாம்மா? இன்னும் வேணுமா?" என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

மிஸ் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "சரி... சரி, எல்லாரும் லைன்ல நில்லுங்கோ. சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடலாம். இசக்கி, நீ முன்னாடி வா. குப்பைக்குப் பக்கத்துல."

இசக்கி முன்னால் வந்தாள். ஹரிதாவின் கையிலிருந்த புதுத் துடைப்பத்தைப் பிடுங்கினாள். குனிந்தாள்.

"நில்லுடி, இன்னும் எடுக்கலை!"

முதல் வீச்சிலேயே கோலத்தின் மேல் கிடந்த சேறு பாதி வழிக்கப்பட்டது. பிளாஸ்டிக் உறைகள் பறந்து வரிசையில் நின்றவர்களின் வெள்ளை கேன்வாஸ் ஷூக்களில் ஒட்டின. பெண்கள் கத்திக்கொண்டு விலகினார்கள். வரிசை கலைந்தது. மிஸ் போனை நீட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தார். எங்கே நீட்டினாலும் இசக்கியின் முதுகுதான் வந்தது. அவள் கையால் வாரி வாளியில் போட்டாள். கட்டர் ஓரம், சுவர் இடுக்கு, நடைபாதைக் கல்லின் சந்து, ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு வேகமாக அவள் வாழ்க்கையில் எதையும் பெருக்கியதில்லை.

"ஏட்டி, நில்லுட்டி! பாவி, நில்லு! உனக்காகத்தானட்டி போட்டேன்!"

அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். இசக்கி உதறினாள். அம்மா மறுபடி பிடித்தாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. இசக்கி நிமிரவில்லை.

"எனக்காக இனிமே யாரும் நம்ம வாசல்ல குப்பையைக் கொட்டக் கூடாது. நீயும் கொட்டக் கூடாது" என்றாள் தரையைப் பார்த்தபடியே.

அம்மாவின் அடுத்த அடி பாதியில் நின்றது.

இசக்கி நிமிர்ந்தபோது தரையில் பிளீச்சிங் பவுடர்த் தடமும் கலைந்த கோலத்தின் ஈரமும் தவிர ஒன்றும் இல்லை. மிஸ் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். விசில் கூட ஊதாமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். அன்று மத்தியானம் ஸ்டேஷன் பாலத்தடியில் அவர்கள் வேறு குப்பையும் வேறு போட்டோவும் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்றும், திங்கட்கிழமை ஐந்து லாக் புக் மாவட்ட ஆபீஸுக்குப் போனது என்றும் ஹரிதா பிறகு போனில் சொன்னாள்.

இசக்கி இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு மூலையை நோக்கி நடந்தாள். பின்னால் அம்மா, சந்தே கேட்கிற மாதிரி, அவளுடைய ரோசத்தையும் அவள் பிறந்த நேரத்தையும் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். திட்டை நிறுத்தவில்லை. இசக்கியும் பதிலுக்கு ஒன்றும் குறைவாகச் சொல்லவில்லை.