எந்தப் பக்கம்

நீதிபதி ஸ்டாம்பரின் உதவியாளர் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க மேற்கோள் காட்டியிருக்கிற வரி எந்தப் பக்கத்துல இருக்குன்னு போடலையே மேடம். ஐயா கேக்குறார். பத்து மணிக்கு வரும்போது சொல்லிடுங்க."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் வக்கீல் ரோஸ்மேரி ஹியூஸ்மன் நினைத்தாள். வழக்கின் பெயர், தொகுதி எண், தீர்ப்பு தொடங்கும் பக்கம், நீதிமன்றம், ஆண்டு எல்லாம் மனுவில் ஒழுங்காக இருந்தன. பிற்காலத்தில் வேறு தீர்ப்பு எதுவும் இதை ரத்து செய்யவில்லை என்பதைக்கூடச் சரிபார்த்திருந்தாள். வரி இருக்கும் பக்கம் மட்டும்தான் விட்டுப்போயிருந்தது. நீதிமன்ற மாடியிலிருந்த நூலக அறைக்குப் போய்த் தீர்ப்புத் தொகுதியை உருவிப் பிரித்தாள். தீர்ப்பின் தலைமாட்டில், பொடி எழுத்துச் சுருக்கத்தில், அந்த வரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது: "பதினைந்து ஆண்டுகள் தடையின்றிப் புழங்கிய பாதை, புழங்கியவரின் உரிமையாகும்." இனி உள்ளே அது எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும்.

தீர்ப்பு முழுவதையும் படித்தாள். இல்லை. வரிவரியாக விரலை ஓட்டி மறுபடியும் படித்தாள். ஊஹூம்.

இங்கே கென்டக்கியிலேயே தொழில் படித்த எந்த வக்கீலும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். தலையில் இருக்கும் சுருக்கம் நீதிபதி எழுதியதல்ல, புத்தகம் போடும் கம்பெனிக்காரன் சம்பளம் கொடுத்து எழுத வைத்தது. வழி தேட உதவும், சட்டமாகாது. ஆனால் ரோஸ்மேரி தொழில் பழகியது ஆற்றுக்கு அக்கரையில், ஒஹாயோவில். அந்தத் தொண்ணூறுகளில் அங்கே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பின் தலையில் தானே ஒரு சுருக்கம் எழுதும், அதுதான் சட்டம். உள்ளே இருப்பதெல்லாம் விளக்கம். அப்படித் தலையை மட்டும் மேய்ந்து பழகிய கண், பாலம் தாண்டிக் கணவன் ஊருக்கு வந்த பிறகும் திருந்தவில்லை. நன்றாக வேண்டும் எனக்கு என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அடி வாங்கப்போவது அவளாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. கட்சிக்காரர் ஹோபார்ட் லைகின்ஸின் வீட்டுக்கு வேறு வழியே கிடையாது. பக்கத்து நிலத்துக்காரன் வெல்டன் பிராதரின் நிலத்தில் ஓடும் ஒற்றை வண்டிப்பாதைதான். தன் அப்பா செத்ததும் வெல்டன் அதற்குக் கேட் போட்டுப் பூட்டிவிட்டான். ஹோபார்ட்டின் மனைவி ஐனாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அவளைச் சேற்று வயலில் தாங்கிப் பிடித்துத்தான் ரோட்டுக்குக் கூட்டி வருகிறார். இன்றைக்குத் தோற்றால் வீட்டை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெல்டனின் வக்கீல் டாய்ல் கெசிங்கர் காப்பிக் கோப்பையோடு நுழைந்தார்.

"என்ன ரோஸ்மேரி, காலங்காத்தால புத்தகத்தோட மல்லுக்கட்டுற? ஒஹாயோக்காரங்களுக்கு எல்லாம் மனப்பாடம்னு கேள்விப்பட்டேனே."

"நீ இந்த ரூமுக்கு வந்ததுதான் அதிசயம் டாய்ல். வழி தவறிட்டியா?"

"ஹால்ல உக்கார இடமில்ல. எனக்கெதுக்கு புத்தகம்? என் ஆளு 'எங்கப்பா பெரிய மனசு பண்ணி அனுமதி குடுத்தாரு'ங்கறான். அனுமதி வாங்கிப் போனவனுக்கு ஏது உரிமை? பதினொரு மணிக்கு நான் மீன் பிடிக்கப் போயிடுவேன்."

அந்தத் தீர்ப்பை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் ஆசை வந்தது. மேற்கோள் குறிகளை அடித்துவிட்டு, வழக்கின் பெயருக்கு முன்னால் 'காண்க' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். தீர்ப்பு அப்படியே சொல்லாவிட்டாலும் அந்தக் கருத்து அதிலிருந்து கிடைக்கும் என்று அர்த்தம். தொழிலில் எத்தனையோ பேர் அந்தச் சின்ன வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்திருக்கிறார்கள். காண்க என்று எழுதினால் யாரும் போய்க் காண்பதில்லை. அவள் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள்.

ஆனால் ஸ்டாம்பர் பக்கம் கேட்டாரே. கேட்கிற மனிதர் காணவும் செய்வார். அதோடு, பொய்யென்று தெரிந்த பிறகு அந்த வரியைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. பேனாவை மூடிவிட்டு, இந்த முறை எதையும் தேடாமல், நீதிபதி என்னதான் சொல்லியிருக்கிறார் என்று சும்மா படித்தாள். 418ஆம் பக்கத்தில் நின்றாள். அதை இரண்டு தடவை படித்தாள். ஐயோ, ஹோபார்ட் முதல் நாளே சொன்னாரே என்று மனசு அடித்துக்கொண்டது.

பத்து மணிக்கு ஸ்டாம்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கத்துலயும் இல்லைங்க ஐயா. அது கோர்ட்டோட வரி இல்ல. தீர்ப்போட தலையில சுருக்கம் எழுதினவரோட வரி. தப்பு என்னுது. அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

டாய்ல் வாய்விட்டே சிரித்தார்.

"அதே தீர்ப்புல 418ஆம் பக்கம் பாருங்க ஐயா. அனுமதியோட ஒருத்தர் பாதையைப் புழங்கி, அதை நம்பிக் கைக்காசும் உழைப்பும் போட்டிருந்தா, நிலத்துக்காரர் அதைப் பாத்துக்கிட்டும் இருந்திருந்தா, அப்புறம் அனுமதியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த அடிப்படையில மனுவைத் திருத்த அனுமதி கேக்கறேன்."

"அதெப்படி ஐயா?" டாய்ல் எழுந்தார். "நேத்து வரைக்கும் அனுமதியே இல்லைன்னாங்க."

"அனுமதி உண்டுன்னு ஒவ்வொரு தாள்லயும் எழுதிக் குடுத்தது நீங்கதானே டாய்ல்," என்றபடி ஸ்டாம்பர் தொகுதியை வரவழைத்து, தானே அந்தப் பக்கத்தைப் படித்தார். கோர்ட் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தது. "திருத்திக்கலாம். லைகின்ஸ், பாதையில நீங்க என்ன போட்டீங்க?"

ஹோபார்ட் ரோஸ்மேரியைப் பார்த்தார். அனுமதி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் என்று அவரை மிரட்டி வைத்திருந்தவள் அவள்தான். அவள் தலையாட்டினாள்.

"ஓடைக்கு மேல பாலம் போட்டேங்க. ரயில்வே கட்டையெல்லாம் நானே வாங்கினேன். ஒரு கோடை பூராவும் வேலை. வெல்டனோட அப்பாதான் 'பாலம் போட்டுக்கோடா, நிம்மதியா வீடு போய்ச் சேரு'ன்னாரு. கட்டை இழுக்க டிராக்டரும் குடுத்தாரு."

"டிராக்டரை ஓட்டினது யாரு?" என்று கேட்டார் ஸ்டாம்பர்.

ஹோபார்ட் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் வெல்டன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான். டாய்ல் திரும்பி அவனைப் பார்த்துப் பேசாதே என்று கையசைத்தார்.

"நான்தான்," என்றான் வெல்டன். "பதினாறு வயசு எனக்கு. ஐனா அத்தை எங்களுக்குச் சோளரொட்டி கொண்டுவந்து குடுத்தாங்க."

டாய்ல் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் மீன் பிடிக்கப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் கேட் பூட்டைக் கழற்ற வேண்டும் என்று ஸ்டாம்பர் உத்தரவு போட்டார்.

படியிறங்கும்போது ரோஸ்மேரியால் ஹோபார்ட்டின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜெயித்ததில் சந்தோஷம்தான், அதைவிட வெட்கம் அதிகம். "மன்னிச்சிடுங்க ஹோபார்ட். பாலத்தைப் பத்தி நீங்க சொல்ல வந்தப்போ நான் கேக்கவே இல்ல."

"ஆமா. 'பெரியவர்தான் போகச் சொன்னாரு'ன்னேன். அதோட வாயை அடைச்சுட்டீங்க." அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "புத்தகத்தைத்தான் தலையோட நிறுத்துறீங்கன்னு பாத்தா, என்னையும் அப்படித்தான் படிச்சிருக்கீங்க வக்கீலம்மா."