மெனு கொட்டிய கெட்டிமேளம்

அப்பாசாமிக்கு மெனு கொட்ட வேண்டும். வெப்சைட் என்றால் அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு.

"சென்னையில ஒரு ஓட்டல்காரன் வெச்சிருக்கான் பாப்பா. அம்ப மேல கொண்டுபோனா தொபுக்குனு ஒண்ணு கீழ வுழுது. அதுமேல வெச்சா பக்கத்துல இன்னொண்ணு வுழுது. அந்தமாரி நம்ம லாட்ஜுக்கும் கொட்டணும். அவன் ரெண்டு அடுக்கு வெச்சிருந்தா நமக்கு நாலு வை."

எதிரே உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி தலையை ஆட்டினாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேங்கிக்காலுக்கு வருகிறவள். கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய கம்பெனி. முதலாளி புகழேந்தி தன் விசிட்டிங் கார்டில் சி.இ.ஓ. என்று போட்டுக்கொண்டிருந்தார். அவர் எக்ஸிகியூட் செய்வதற்கு அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே ஆள் அன்புச்செல்விதான்.

2006-ல் மெனு கொட்டவைப்பது பெரிய வித்தை. அன்புச்செல்வி அதைக் கரைத்துக் குடித்திருந்தாள். ஒவ்வொரு வரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். 'தங்கும் அறைகள்' மேல் மவுஸை வைத்தால் பக்கவாட்டில் குடும்ப அறை, ஏசி அறை, ஒருவர் தங்கும் அமைதி அறை என்று விரியும். அதற்குக் கீழேயே 'திருமண மண்டபம்'. அதன்மேல் வைத்தால் அதே இடத்தில் முகூர்த்தம் மட்டும், ஒரு நாள், சகல ஏற்பாடுகளுடன் என்று விரியும். அதற்கும் உள்ளே போனால் அப்பாசாமியின் குடும்பப் படங்கள், அவர் மந்திரியோடு நின்ற படம், மந்திரி வராதபோது மந்திரியின் காரோடு நின்ற படம்.

காட்டுகிற அன்று மவுஸ் அவள் கையில்தான் இருந்தது. நேராகப் பக்கவாட்டில் போய், பிறகு செங்குத்தாகக் கீழே இறங்கினால் எல்லாம் பூப்போல விரிந்தன. அப்பாசாமி கை தட்டினார். புகழேந்தி தானே செய்தது மாதிரி அடக்கமாகச் சிரித்தார். குறுக்கே போனால் மெனு மாறிவிடும் என்பது அன்புச்செல்விக்குத் தெரியும். ஆனால் அவள் கை குறுக்கே போகாது. ஊரில் மற்றவர்களுக்கும் கை இருக்கிறது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு காலை, அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செல்போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர் சகாதேவன்.

"மேடம், ஆட்டோ புடிச்சு மண்டபத்துக்கு வந்துடுங்க. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் வேணும்."

"இன்னா ஆச்சு?"

"கல்யாணப் பொண்ணு பேச மாட்டேங்குது."

செங்கம் ரோட்டில் இருந்த மண்டபத்து வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. ஆதிமூலம் கோஷ்டியின் நாதஸ்வரம் பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. உள்ளே மணவறைக்கு முன்னால், கழுத்தில் முழங்கால்வரை தொங்கும் ரோஜா மாலையோடு, முதுகில் பெரிய பையைக்கூட இறக்காமல், ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி திகைத்துப்போய் நின்றிருந்தாள். மணவறையில் ஹோமகுண்டத்தை மூட்டிவிட்டுக் கைலாசநாத குருக்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. முகூர்த்தம் போயிண்டிருக்கு. மாப்பிள்ளை யாருன்னு கேட்டுச் சொல்லு. நானும் அரை மணியா சங்கல்பத்துல பேரே இல்லாம ஓட்டிண்டிருக்கேன்."

"மாப்பிள்ளை யாருன்னே தெரியாமலா இவ்ளோ ஏற்பாடு?" என்றாள் அன்புச்செல்வி.

பட்டு வேட்டியில் நின்ற அப்பாசாமி கோபித்துக்கொண்டார். "வெப்சைட்ல மண்டபம் புக் பண்ணியிருக்கு. சகல ஏற்பாடுகளுடன். ஆள் எத்தனைன்னு கேட்டதுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. சரி, பொண்ணு மட்டும் அங்கேருந்து வருது, மாப்பிள்ளை இந்த ஊர்ல ஆசிரமத்துல எங்கியோ இருக்கான்னு நெனச்சோம். நம்ம ஊர்ல இது நடக்காததா? எல்லா ஏற்பாடும் தயார்னு மெயில் போட்டோம். ரொம்ப சந்தோஷம்னு பதில் வந்துது. அப்புறம் இன்னா கேட்கணும்?"

அன்புச்செல்வி அந்த அம்மாளிடம் போய் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். தன் பெயர் உர்சுலா, ஆஸ்திரியாவிலிருந்து வருகிறாள், இரண்டு வாரம் மௌன விரதம். கையால் துடைத்துவிட்டு அடுத்த வரி எழுதினாள். தயவுசெய்து அந்தக் குழலை நிறுத்தச் சொல்ல முடியுமா?

ஆதிமூலம் நிறுத்தினார். அந்த அமைதியில் உர்சுலா மூன்றாவது வரியை எழுதினாள். அமைதி அறை எங்கே?

அன்புச்செல்வி மெனுவை மனதுக்குள் விரித்துப் பார்த்தாள். அமைதி அறை மெனுவில் மூன்றாவது வரி. சகல ஏற்பாடுகளுடன் மண்டபமும் மூன்றாவது வரி. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில்.

மாலையோடேயே உர்சுலாவை, மண்டபத்தை ஒட்டியே இருந்த லாட்ஜ் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். எப்படி புக் செய்தீர்கள், இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்றாள். பின்னாலேயே அப்பாசாமியும் குருக்களும் தவில்காரர்வரைக்கும் எல்லாரும் வந்து நின்றார்கள்.

உர்சுலா மவுஸை அறைகள் மேல் வைத்தாள். மெனு விரிந்தது. மூன்றாவது வரியைப் பார்த்தாள். எந்த மனிதனும் போகிறபடி, குறுக்குவழியாக அதை நோக்கிப் போனாள். போகிற வழியில் அம்பு மண்டபத்தை உரசியது. கண் இமைப்பதற்குள் பட்டியல் மாறியது. விரல் அழுத்திவிட்டது. திறந்த பக்கத்தின் தலையில் 'பதிவு' என்று மட்டும் இருந்தது. எதைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு சொல் இல்லை. அதையும் எழுதியது அன்புச்செல்விதான்.

முதல்முறையாக இன்னொருவர் கையில் தன் மெனுவைப் பார்த்த அவளுக்குக் காது சூடேறியது.

"அந்தம்மாவுக்கு மவுஸ் புடிக்கத் தெரியல," என்றார் அப்பாசாமி.

"நீங்க புடிங்க சார். உங்க லாட்ஜ்ல உங்களுக்கு ஒரு அமைதி அறை போடுங்க."

அப்பாசாமி வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் முயற்சியில் மண்டபத்துக்குப் போனார். அடுத்ததில் மெனு மொத்தமாக மறைந்தது. அதற்கடுத்து மந்திரியின் காருக்கு முன்னால் போய் நின்றார். "த்தூ, இன்னாடா இது எழவு" என்று மவுஸை மேஜையில் தட்டினார். உர்சுலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். விரதத்தில் சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

குருக்களும் தன் பங்குக்கு முயன்று பார்த்தார். "ஏம்மா, உள்ள போறதுக்குள்ள இத்தனை பிராகாரமா? ராஜகோபுரத்துலயே ஒரு கும்பிடு போட்டுட்டு நான் ஆத்துக்குப் போறேன்."

ஆனால் போகவில்லை. பந்தியில் இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. உர்சுலா மாலையைக் கழற்றி ஆதிமூலத்தின் கழுத்தில் போட்டுவிட்டு, சிலேட்டில் ஒன்றும் எழுதாமலே விரலைக் காட்டி இரண்டாவது வடை வாங்கினாள். அன்புச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு யாருடையது என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் ஜாஸ்தி வலித்தது.

அந்த வாரம் முழுக்க அவள் மெனுவைப் பிரித்துப்போட்டுக் கட்டினாள். நாலு அடுக்கை இரண்டாக்கினாள். அம்பு பட்டதும் விரிவதை நிறுத்தி, அழுத்தினால்தான் விரியும் என்று மாற்றினாள். மவுஸ் கொஞ்சம் வழுக்கி வெளியே போனாலும் மெனு உடனே ஓடிவிடாமல் சற்றுப் பொறுத்திருக்கும்படி செய்தாள். வரிகளை உயரமாக்கி, இடைவெளி விட்டாள். பதிவுப் பக்கத்தின் தலையில் எதற்கான பதிவு என்று கொட்டை எழுத்தில் போட்டாள். மண்டபம் என்றால் கூடவே ஒரு கேள்வி: இது கல்யாணத்துக்குத்தானே?

புகழேந்தி எட்டிப்பார்த்தார். "இன்னாம்மா, மொட்டை அடிச்சு வெச்சிருக்க? கிளையண்ட் கொட்டுறதுதானே கேட்டாரு?"

"கொட்டுனது போதும் சார். மேளம் வரைக்கும் கொட்டியாச்சு."

பிறகு லாட்ஜுக்குப் போய் ஆட்களைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆதிமூலம் வந்தார். குருக்களின் மனைவி மங்களாம்பிகை வந்தார். அமைதி அறையைக் கண்டுபிடியுங்கள் என்பதற்கு மேல் தான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று தனக்கே விதித்துக்கொண்டாள். நிரல் எழுதியதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. மங்களாம்பிகை தப்பான இடத்தை வெறித்துப் பார்த்தபோது, 'அங்க இல்ல மாமி, மேல' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். மாமி தேடிய இடத்தைக் குறித்துக்கொண்டுபோய், மறுநாள் அந்த வரியை அங்கேயே வைத்தாள்.

அப்பாசாமிக்குத் திருப்தியில்லை. "கொட்டவே இல்லியே பாப்பா. சென்னைக்காரன் பார்த்தா சிரிப்பான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அவர் நேராகப் போய் அமைதி அறையில் விழுந்தார். இன்னொரு தடவை போனார். குடும்பப் படங்களையும் ஒரே அழுத்தில் கண்டுபிடித்து, தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இருக்கட்டும்," என்றார். "கலர் மட்டும் கொஞ்சம் டாலடிக்கிற மாரி போடு."

லாட்ஜின் பின்பக்கம் மலை தெரிகிற அறை ஒன்றை உர்சுலாவுக்குக் கொடுத்திருந்தார்கள். விரதம் முடிந்த மறுநாள், சென்னை பஸ்ஸுக்குப் போகுமுன் அவள் ஆபீசில் வந்து உட்கார்ந்து, புதிய மெனுவைத் திறந்து, தான் அழுத்த நினைத்ததையே அழுத்தினாள். அடுத்த பங்குனிக்கு அறை பதிவானது. அன்புச்செல்வி மூச்சை விட்டாள்.

உர்சுலா அவள் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். மெனு நன்றாக இருக்கிறது என்றாள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து படிக்க முடியவில்லை என்றாள். படங்கள் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, அந்த மந்திரியின் கார் எதற்கு, தொலைபேசி எண்ணை ஏன் பக்கத்தின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறாய் என்றாள். இரண்டு வாரத்துப் பேச்சும் சேர்த்து வந்தது. ஆட்டோவில் ஏறியும் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போன அன்புச்செல்வி, அத்தனையையும் தான் காலையில் வந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள்.