மஞ்சள் முக்கோணம்

அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் போல வந்தது மெர்லினுக்கு. ஆறு நாளாக இதே கூத்து. பொத்தானை அமுக்கினால் உயிர் வருகிறது, வைஃபை பெயரைக் காட்டுகிறது, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, சேர்ந்துவிட்டேன் என்றும் சொல்கிறது. சொன்ன கையோடு கீழ் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணத்தை நட்டுவைத்து, இணையம் இல்லை என்று கையை விரிக்கிறது. இல்லை என்றால் முதலிலேயே இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

ராயப்பன்பட்டியில் அந்த வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் நெட் வந்தது. கணவன் பீட்டர்ராஜின் செல்லுக்கு வந்தது. மெர்லினின் செல்லுக்கும் வந்தது. மாமியார் லூர்து மேரி பூசை பார்க்கும் டிவிக்கும், அதே டிவியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஏஞ்சல் பார்க்கும் பொம்மைப் படத்துக்கும் தாராளமாக வந்தது. லேப்டாப் ஒன்றுக்குத்தான் வழியில்லை. அது அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது அரசு கொடுத்தது. மடக்கும் இடத்தில் விரிசல் விழுந்து டேப் ஒட்டியிருந்தது. நெட் வயர் குத்தும் ஓட்டை கல்லூரி விடுதியிலேயே உடைந்துபோனதால் வைஃபையை விட்டால் அதற்கு வேறு கதியும் இல்லை. பேட்டரியின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மெயில் வந்தது. விலங்கியல் பட்டத்தை பீரோவில் பூட்டிவைத்து எட்டு வருடம் சோறாக்கிய பிறகு, போன வருடம் மெர்லின் மெடிக்கல் கோடிங் படித்தாள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளை வாசித்து, எந்த நோய்க்கு எந்த எண், எந்த வைத்தியத்துக்கு எந்த எண் என்று போடுகிற வேலை. மதியச் சமையல் முடிந்த நேரங்களைச் சேர்த்துச் சேர்த்து ஆறு மாதம் படித்தாள். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி தேர்வுக்கு அழைத்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேர்வு, லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், செல் கூடாது, தவறவிட்டால் மறு வாய்ப்புக் கிடையாது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவள் அதை வாசித்துக் காட்டினாள்.

"ரொம்ப நல்லது" என்றான் பீட்டர்ராஜ். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான்.

அன்று சாயங்காலமே மஞ்சள் முக்கோணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனுஷி என்னென்ன செய்யவில்லை? ரவுட்டரை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வைஃபை பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனதால் தேதி தானாகப் பழைய வருடத்துக்கு ஓடியிருந்தது, அதை இழுத்து வந்து இன்றைக்கு நிறுத்தினாள். செல்லில் ஒரு வீடியோ பார்த்து வைஃபை டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள். இன்னொரு வீடியோ பார்த்துக் கறுப்புத் திரையில் அர்த்தம் தெரியாத நாலு வரிகளை எழுத்துக்கூட்டி அடித்தாள். செல்லிலிருந்து நெட்டைப் பகிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் டவர் ஒரு கோடுதான், மாதிரித் தேர்வு பத்தாவது கேள்வியில் அறுந்துபோனது.

இத்தனைக்கும் பீட்டர்ராஜ் பக்கத்திலேயே இருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் வரிசையாக யோசிக்கிறவன் என்று பெயர். திங்கட்கிழமை அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான். செவ்வாய்க்கிழமை நெட் கொடுக்கும் கேபிள் ஆபீசுக்கு இரண்டு தடவை பேசிவிட்டதாகச் சொன்னான். புதன்கிழமை அவளுக்குக் காபியே போட்டுக்கொண்டு வந்தான்.

"லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லையாம் மெர்லின். ரவுட்டரு தானா அப்டேட் ஆயிருக்கும். பழைய லேப்டாப்போட அது சேராது. பன்னெண்டாப்புல குடுத்தத இன்னமும் கட்டிக்கிட்டு அழுதா எப்படி" என்றான்.

அந்தக் காபியை அவள் நன்றியோடு வாங்கிக் குடித்தாள். பின்னால் அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகமாக வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் தேனிக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைத் திறந்து தன் கடை வைஃபையில் போட்டார். முக்கோணமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. படம் ஓடியது, மெயில் திறந்தது. "இதுல ஒரு குத்தமும் இல்லம்மா" என்று மடக்கிக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, யூஎஸ்பியில் செருகினால் தனியாக வைஃபை பிடிக்கிற சின்ன டாங்கிள் ஒன்றையும் அவள் வாங்கி வந்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அதைச் செருகினாள். நான்கு நாளுக்கு அப்புறம் வீட்டில் லேப்டாப்புக்கு நெட் ஏறியது. மெர்லின் சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். பீட்டர்ராஜும் வந்து பார்த்து, "அட, ஓடுதே" என்றான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாதிரித் தேர்வை முழுக்க எழுதினாள், நூற்றுக்கு எண்பத்திரண்டு வந்தது. ஏழு மணிக்கு லூர்து மேரி ஜெபமாலைக்குக் கூப்பிட்டார். லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டு வந்து மண்டியிட்டாள். அந்த வீட்டில் மன்றாட்டு மாலையை வாசிப்பது பீட்டர்ராஜ். முன்பு புத்தகத்தைப் பார்த்து வாசிப்பான், இப்போது செல்லைப் பார்த்து வாசிக்கிறான். அவன் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். முடித்து எழுந்துபோய்ப் பார்த்தால் முக்கோணம் திரும்ப வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. ஏஞ்சலைக் காரணமில்லாமல் அடித்துவிட்டு, அப்புறம் பாத்ரூமில் போய் அழுதாள். தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை, எட்டு வருடத்தில் மூளை துருப்பிடித்துவிட்டது, இந்த லட்சணத்தில் வேலை ஒரு கேடு என்று தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ரவுட்டரின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் கேபிள் ஆபீசின் நம்பர் இருந்தது. அதுவரை அங்கே பேசுவது அவன் வேலை என்று விட்டிருந்தாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அவளே கூப்பிட்டாள். உத்தமபாளையம் ஆபீசில் ஒரு பெண் எடுத்தது, பெயர் ராஜாத்தி என்றது. பீட்டர்ராஜின் பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தது.

"லைனு நல்லாருக்குக்கா. உங்க வீட்டுல ஒரு லேப்டாப்ப மட்டும் பிளாக் பண்ணி வச்சிருக்காக. 'மெர்லின் 12பி'ன்னு பேரு காட்டுது."

பன்னிரண்டாவது 'பி' பிரிவில் லேப்டாப் கையில் வந்த அன்று அவளே ஆசையாக வைத்த பெயர் அது.

"யாரு பண்ணிருக்காக?" என்றாள் மெர்லின்.

"நாங்க இல்லக்கா. உங்க வீட்டு ரவுட்டரோட ஆப்ல இருந்து பண்ணிருக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு அம்பதுக்கு ஒரு தடவ. பெறகு டாங்கிள் எதும் போட்டீகளா? அதையும் வியாழக்கெழம ஏழு பதினெட்டுக்கு பிளாக் பண்ணிருக்காக."

"அந்த ஆப் யாரு செல்லுல இருக்கு?"

"சாரு நம்பர்லதானக்கா இருக்கு. கனெக்சனே அவுக பேருலதான."

"இந்த வாரம் சார் உங்களுக்குப் போன் பண்ணாகளா?"

"இல்லியேக்கா. நாந்தான் போன் எடுக்குறது. யாரும் கூப்பிடல."

மெர்லின் செல்லை வைத்தாள். ஏழு பதினெட்டு. மாதாவிடம் அவளும் சேர்ந்து வேண்டிக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் செல்லுமாக இருந்தவன், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் கட்டைவிரலால் அவளை அடைத்திருக்கிறான். வாசிப்பு எங்கும் தடுமாறவில்லை.

முன்னறையில் பீட்டர்ராஜ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் போய் எதிரில் நின்றாள்.

"கேபிள் ஆபீசுக்கு என்னைக்குப் பேசுனீக?"

"செவ்வாக்கெழம. ஏன்?"

"இப்பத்தான் நான் பேசுனேன். ஒருத்தரும் கூப்பிடலங்குறாக."

அவன் சிவப்புப் பேனாவை மூடினான். மூடியதைத் திறந்தான்.

"வியாழக்கெழம ஏழு பதினெட்டுக்கு நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?"

கணக்கு வாத்தியாருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தான். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னான்: "உக்காரு மெர்லின். வீட்டுல இருந்து வேலைன்னாலும் எட்டு மணி நேரம் கதவச் சாத்திக்கிட்டுத்தான இருக்கணும். அம்மாவ யாரு பாக்குறது, ஏஞ்சல யாரு பாக்குறது?"

"இத ஞாயித்துக்கெழம சோத்துல கை வச்சுக்கிட்டு இருந்தப்பச் சொல்லிருக்கலாம்ல."

"நேராச் சொன்னா நீ வருத்தப்படுவ. சண்ட வரும். லேப்டாப் ஓடலன்னா பழி அது மேல போயிரும். உன்னய வேலைக்குப் போக வேணாம்னு நான் சொன்ன மாதிரியும் இருக்காது. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

மனசு நோகக் கூடாதாம். ஒன்பது வருடம் தன்னோடு குடும்பம் நடத்தியவனைப் பார்க்க அவளுக்குக் கூசியது. கோபக்காரன் என்றால் ஒரு தட்டை விட்டெறிந்திருப்பான், போகாதே என்று கத்தியிருப்பான், அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இவன் காபி போட்டுக் கொடுத்தான். கண்ணெதிரே அவள் தலையைப் பிய்த்துக்கொள்வதை ஆறு நாள் பார்த்துக்கொண்டு, உச்சுக் கொட்டினான்.

"ஆறு நாளா எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நானே நம்பிட்டேன். பிள்ளைய அடிச்சேன். அது உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

டிவி முன்னாலிருந்து லூர்து மேரி, "என்ன ஆத்தா அங்கன?" என்று கேட்டார்.

பீட்டர்ராஜ் செல்லை எடுத்தான். திரையில் இரண்டு தட்டுத் தட்டினான். "இந்தா, எடுத்து விட்டுட்டேன். போய் எழுது. இன்னும் நேரம் இருக்கு."

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். முக்கோணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அழித்து எழுதி, பஸ் ஏறி, அழுது கேட்டதெல்லாம் ஒருத்தன் கட்டைவிரல் நகர்ந்ததும் வந்துவிட்டது. மணி மூன்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவள் உட்காரவில்லை. சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றினாள், லேப்டாப்பைப் பையில் போட்டாள், ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

"எங்க போற? நெட்டுத்தான் வந்துருச்சே" என்று பீட்டர்ராஜ் வாசலுக்கு வந்தான்.

"எழுதுறப்ப நடுவுல நிப்பாட்ட மாட்டீகன்னு நான் எப்படி நம்புறது?"

"சத்தியமா மாட்டேன்."

"ஜெபமாலையக் கையில வச்சுக்கிட்டே செஞ்சீக. இனிமே எதத் தொட்டுச் சத்தியம் பண்ணுவீக?"

அவள் பையை முன்னால் வைத்து ஸ்கூட்டியில் ஏறினாள். வண்டி கிளம்பிவிட்டது.

உத்தமபாளையம் வரைக்கும் ரோட்டோரத் திராட்சைப் பந்தல்களில் ஆட்கள் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரமான வாடையில் கண் எரிந்தது, அவள் துடைக்கவில்லை. கேபிள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போது மணி மூன்றரை. ராஜாத்தி இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தது. மெர்லினின் முகத்தைப் பார்த்ததும் யார் என்று அதற்குப் புரிந்துவிட்டது. கதை கேட்கவில்லை. வயர்ச் சுருள்களும் பழைய பெட்டிகளும் அடுக்கிய பின்னறையில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டையும் தானே அடித்துக் கொடுத்தது.

நெட் ஏறியது. தேர்வுப் பக்கம் திறந்தது. கேமரா முகத்தைப் பிடித்தது, அடையாள அட்டையைக் காட்டச் சொன்னது, காட்டினாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசியாக ஒரு உறுதிமொழி வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யத் தடையில்லாத இணைய வசதி உங்களுக்கு இருக்கிறதா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றைத் தொடாமல் தேர்வு திறக்காது.

மெர்லின் விரலை எடுத்துக்கொண்டாள். இல்லை என்றால் இப்போதே கதவு சாத்திக்கொள்ளும். ஆம் என்று அமுக்கினால் அது பொய், வீட்டில் எந்த நேரமும் யார் விரலும் நகரலாம். ஒரு வாரத்துப் பொய் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"ராஜாத்தி, எம் பேருல ஒரு கனெக்சன் போடணும்."

"அதான் வீட்டுல ஒண்ணு இருக்கேக்கா."

"அது அவுகளோடது. எனக்குத் தனியா வேணும். ஆப் என் செல்லுலதான் இருக்கணும்."

"திங்கக்கெழம ஆள் வந்து போட்டுருவாக. ஆனா ஒரே வீட்டுல ரெண்டு லைனுன்னா," ராஜாத்தி தயங்கியது, "சாரு எதும் சொல்ல மாட்டாகளா?"

"சொல்லட்டும். இந்தத் தடவ நேராச் சொல்லட்டும்."

ராஜாத்தி முன்னறைக்குப் போய் விண்ணப்பத்தை எடுத்து வந்தது. மெர்லின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். செல் அதிர்ந்தது, பீட்டர்ராஜ். அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு திரையில் 'ஆம்' என்பதை அமுக்கினாள், முதல் கேள்வி வந்தது.