ஜோடி சேராத கைப்பிடிகள்

1

இருந்தவர்கள்: தியோடர், கூடத்துத் தரையில், பழைய செய்தித்தாளின் மேல், சம்மணம் போட்டு. அவர் மனைவி ஜெயகுமாரி, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில், வலது கையில் டீ டம்ளர், இடது கை முந்தானைக்குள். அவர்கள் மகள் ஈவ்லின், சாப்பாட்டு மேஜையில், சர்க்கரை டப்பாவின் மேல் சாய்ந்தபடி. அதாவது புனேவிலிருந்து, செல்போனுக்குள். பக்கத்து வீட்டு வேணுவாகிய நான், வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் வெள்ளைத்தாள். நடுவே தரையில், மலையேறும்போது ஊன்றிக்கொள்ளும் இரண்டு டிரெக்கிங் ஸ்டிக்குகள். கையில் எடுத்தால் காலி ஊதுபத்தி டப்பாவை எடுத்த மாதிரிதான் இருக்கும், அவ்வளவு இலேசு.

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகார்க் கடிதமாகப் பிறந்தது. சித்தூரில் எங்கள் தெருவில் கரண்ட் ஆபீசுக்கோ கம்பெனிக்கோ எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார், ‘பொருள்’ என்று ஒரு வரி போடாமல் பேனாவை ஓட விடமாட்டார். கதைக்கும் அது போடாமல் எனக்குக் கை வரவில்லை. ஆகவே,

பொருள்: டிரெக்கிங் ஸ்டிக்குகளின் கைப்பிடிகளை வீட்டிலேயே மாற்றியது தொடர்பாக.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

‘தலக்கோனா அருவியின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது ஜெயகுமாரியின் கண்கள்—’

(வேண்டாம். நான் தலக்கோனா போனதில்லை. அவர் கண்களை அங்கே கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன உரிமை?)

‘மனிதன் நான்கு காலில் நடந்து, பிறகு இரண்டு காலில் எழுந்து, மறுபடி கழிகளைப் பிடித்து நான்கு காலாக—’

(இதையும் விட்டுவிடலாம். வாசகர் எழுந்து போய்விடுவார்.)

கடைசியில், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதே மேல் என்று தோன்றியது. அதில் ஒரு லாபமும் கிடைத்தது. அது பின்னால் வரும்.

3

தியோடர் எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தலப்பட்டு முதல் குப்பம் வரை சந்தைகளில் தராசைப் பிடித்துப் பார்த்து முத்திரை குத்துவதோ பறிமுதல் செய்வதோ அவர் வேலையாக இருந்தது. சமமில்லாத இரண்டு தட்டுகளைக் கண்டால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு அரிக்கும்.

“எழுது வேணு. ஒரே நாள்ல வந்த ஜோடி. ஒரே ஆளு, ஒரே வழியில நடந்தது. வலது கிரிப் நார் நாரா போயிருக்குது, பிசுபிசுன்னு ஒட்டுது. இடது பாரு, புதுசாட்டம் கீது. அப்போ ரெண்டும் ஒரே சரக்கு இல்ல. கம்பெனிக்காரன் ஏமாத்திக்கினு இருக்கான்.”

“பில்லு இருக்குதா?” என்று கேட்டேன்.

ஜெயகுமாரி டீயைச் சிந்தாமல் சிரித்தார். “சர்ச் ஏலத்துல எடுத்ததுக்கு பாஸ்டர் பில்லு போட்டுக் குடுப்பாரா, வேணு அண்ணா?”

[அடிக்குறிப்பு போல ஒன்று: அறுப்பின் பண்டிகையன்று சபையார் கொண்டுவந்து காணிக்கையாக வைக்கும் பூசணி, சேவல், கரும்பு எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எவனோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளை இந்த ஸ்டிக்குகளை வைத்துவிட்டுப் போயிருந்தான். என்ன பொருள் என்றே தெரியாமல் எல்லாரும் சும்மா இருக்க, ஜெயகுமாரி கை தூக்கினார். தியோடர் பூசணிக்காகக் காத்திருந்தார். பூசணி வேறு வீட்டுக்குப் போனது. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.]

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஜெயகுமாரி மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து, தகடு வைத்தார்கள். அதன்பிறகு பல மாதங்கள் அவர் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. ஈரமான தரையைப் பார்த்தாலே நின்றுவிடுவார். அவரை வெளியே கொண்டுவந்தது இந்த ஸ்டிக்குகள்தான். திருப்பதியில் இருக்கும் பிரமிளா, பழைய ஹாஸ்டல் தோழி, பெண்களாகச் சேர்த்துக்கொண்டு மலையேறும் கூட்டம் நடத்துகிறார். அதில் போக ஆரம்பித்தார். இந்தச் சனிக்கிழமை தலக்கோனா.

“இந்தப் பிடியோட நான் போவமாட்டேன்,” என்றார் ஜெயகுமாரி அன்று மாலை. “வர்ற அறுப்புக்கே திரும்ப ஏலத்துல வெச்சிடறேன். யாராவது துடப்பத்துக்குக் கட்டிக்கட்டும்.”

அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சர்க்கரை டப்பாவிலிருந்து ஈவ்லின், “நைனா, விட்டீங்கன்னா அம்மா மறுபடி வீட்டுக்குள்ள உக்காந்துக்கும்,” என்றாள்.

கம்பெனி பதில் போடும்வரை சனிக்கிழமை காத்திருக்காது. புகார் ஒரு பக்கம் இருக்கட்டும், தானே மாற்றிவிடுவது என்று தியோடர் முடிவெடுத்தார்.

4

இனி அவர் பக்கமாகவே நின்று சொல்கிறேன். வேலை அவருடையது.

கொதிக்கும் வெந்நீரில் நனைத்த துணியை மேல்தலையில் சுற்றினார். உள்ளே இருந்த பசை இளகி, மணிக்கட்டில் மாட்டும் பட்டை கோத்த அந்தப் பிளாஸ்டிக் தலை முனகிக்கொண்டே கழன்று வந்தது. அதற்குக் கீழே இருந்த நுரைப்பிடியை பிளேடால் கீறி உரித்தார். பிசுக்கு போக நீலகிரித் தைலம் போட்டுத் துடைத்தார். வீட்டில் யாருக்கோ ஜலதோஷம் என்று நினைத்துத் தெருவில் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

புதுப் பிடிக்கு? ஏசி மெக்கானிக் அனிலிடம், செம்புக் குழாய்க்குப் போர்த்தும் கறுப்பு நுரைக்குழல் மிச்சம் இருந்தது. ஸ்டிக்கில் நுழைத்துப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் அமுக்கினால் பஞ்சாக உள்ளே போகிறது. அதன்மேல் கெட்டியாக ஒன்று வேண்டும். யோசித்துக்கொண்டே பஸ் ஏறித் திருப்பதி போனார். விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் பேட்டுக்குப் போடும் ரப்பர் உறை கேட்டார்.

“பேட் ஏதி சார்?” பேட் எங்கே என்றார் கடைக்காரர். கொண்டுவந்தால் அவரே மாட்டித் தருவார்.

“பேட் இல்லப்பா. வீட்டுக்காரம்மாவுக்கு.”

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு உறைகளை எடுத்துக் கொடுத்தார்.

முகப்பவுடர் தூவி, ரப்பரைச் சுருட்டி, நுரையின் மேல் ஏற்றினார். ரப்பர் இறுக, நுரை அடங்க, பிடி சரியான கெட்டிக்கு வந்தது. தலைகளைத் திரும்ப ஒட்டினார். நூல் சுற்றிப் பருமன் பார்த்தார். சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். முள் ஒரே இடத்தில் நின்றது. அந்த வீட்டில் அன்றைக்கு அவரைவிடச் சந்தோஷமானவர் யாருமில்லை.

“வந்து பிடிச்சுப் பாரும்மா. முத்திரை குத்தலாம்.”

ஜெயகுமாரி வந்து பிடித்தார். கூடத்தில் இரண்டு நடை நடந்தார்.

“நல்லாத்தான் கீது,” என்றார். ஸ்டிக்குகளைச் சுவரில் சாய்த்தார். “ஆனா சனிக்கிழமை நான் போவல. சர்ச்ல வேலை இருக்குது.”

5

இங்கே கதை நின்றுவிட்டது.

உண்மையிலேயே நின்றது. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஜெயகுமாரி என்ற பாத்திரம் சரியாக அமையவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். கேட்டது கிடைத்தும் வேண்டாம் என்கிறவரை வாசகர் எப்படி நம்புவார்? பிடிவாதக்காரர் என்று எழுதலாமா? பூசணிக்காகத் தியோடர் போட்ட சண்டைக்குப் பழிவாங்குகிறார் என்று— (அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

பிறகு என் தாள்களையே திரும்பப் படித்தேன். தயவுசெய்து நீங்களும் முதல் பத்திக்குப் போய்விட்டு வாருங்கள். அவருடைய இடது கை எங்கே இருக்கிறது?

எழுதிப் போட்ட ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் கை முந்தானைக்குள்தான் இருந்தது. அழகுக்காக எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

தியோடர் இதை என் தாளிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. அவருக்கு வேறு வழி கிடைத்தது. உரித்துப் போட்ட பழைய பிடிகளைக் குப்பையிலிருந்து எடுத்து, புகாருக்குச் சாட்சியாகப் படம் பிடிக்கப் போனார். இடது பிடியில் தேய்மானமே இல்லை. ஆனால் சுவரில் சாய்ந்திருந்த ஸ்டிக்கில் இடது பட்டை நைந்து, நூல் நூலாகத் தொங்கியது. வலது பட்டையில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

படம் பிடிக்காமல் பிடிகளைக் கீழே வைத்தார். கம்பெனி கலப்படம் பண்ணவில்லை. பிடியைப் பிடிக்காமல், பட்டையில் மணிக்கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் மலையேறியிருக்கிறாள்.

6

“கைய மூடிக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டேன்.”

ஜெயகுமாரி முந்தானையிலிருந்து கையை எடுத்தார். விரல்கள் மடங்கி வந்து, பாதியில் நின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு டம்ளரைப் பிடித்திருப்பது போல இருந்தது.

“அவ்ளோதான். இதுக்கு மேல வராது. இத்தினி நாள் பட்டையிலதான் தொங்கினேன், அதுவும் அறுந்துடும் போல கீது.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா? மறுபடி அந்த ரப்பர் பந்தைக் குடுப்பீங்க. ஃபிரிட்ஜ்மேல டைம்டேபிள் ஒட்டுவீங்க. காலையில அமுக்கினியா, மத்தியானம் அமுக்கினியான்னு டிக் அடிப்பீங்க. நான் இன்னா தராசா, மாசாமாசம் வந்து செக் பண்ண?”

செல்போனுக்குள் ஈவ்லின் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் படத்தை மறைத்துக்கொண்டாள்.

தியோடர் எழுந்து சமையலறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பூரிக்கட்டை, டார்ச் லைட், மத்து, மிளகு ஜாடி என்று மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். மனைவி எதிரே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அந்த இடது கையில் கொடுத்தார்.

“இது?”

“வழுக்குது.”

“இது?”

“ஜாடியப் புடிச்சிக்கினு மலை ஏறச் சொல்றீங்களா?”

டார்ச் லைட்டில் விரல்கள் போய் உட்கார்ந்தன. ஜெயகுமாரி அதை ஒரு தரம் தரையில் ஊன்றினார். இன்னொரு தரம், பலமாக.

“இது நிக்குது.”

அந்தப் பருமனுக்கு இடது பிடியில் நுரைக்குழல் இரண்டு சுற்று வேண்டும். வலதில் ஒன்றே போதும். தியோடர் நுரையைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் உட்கார்ந்திருந்தார். தலையை மறுபடி கழற்ற வைத்த வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

“ஜோடின்னா ஒரே மாதிரி இருக்கணும்,” என்றார், யாரிடமோ சொல்வது போல.

“நம்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரியா இருக்கோம்?” என்றார் ஜெயகுமாரி.

வெட்டினார்.

முடித்ததும் பழக்க தோஷத்தில் தராசில் வைத்தார். இடது கனமாக இருந்தது. முள்ளையே பார்த்துவிட்டு, “இது என் கைக்கு வந்திருந்தா பறிமுதல்தான்,” என்றார். பிறகு தராசை அலமாரியில் ஏற்றிவிட்டார்.

[இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது ஜெயகுமாரி ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “மிளகு ஜாடி இல்ல, சீரக ஜாடி.” மாற்றாமல் விட்டிருக்கிறேன். மிளகுதான், நான் பார்த்தேன்.]

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: சனிக்கிழமை தலக்கோனாவில் அருவியின் கீழே நின்று பிரமிளா எடுத்த படம் வருகிறது. இரண்டு: விடியற்காலையில் மழை பிடித்துக்கொள்கிறது, ஜெயகுமாரி ஈர வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்புகிறார். மூன்றாவதில், பட்டணத்திலிருந்து கம்பெனிக்காரன் காரில் வந்து— (அது கதையிலும் நடக்காது.)

மூன்றையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். இன்று வியாழக்கிழமைதான். எனக்குக் கடித வேலை பாக்கி இருக்கிறது.

புகாரைக் கிழித்தாயிற்று. தியோடர் சொல்லச்சொல்லப் புதிதாக எழுதினேன். ‘பொருள்: ஒரே ஜோடியில் இரண்டு பருமனில் கைப்பிடி கேட்டல் தொடர்பாக. ஐயா, வணக்கம். எல்லாருக்கும் இரண்டு கையும் ஒரே மாதிரி மூடுவதில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்கு…’ கீழே அவர் கையெழுத்துப் போட்டார். “என் கை தானே? நானும் போடறேன்,” என்று ஜெயகுமாரியும் போட்டார்.

உறையில் பசை தடவி மடித்தேன். ஜெயகுமாரி வாங்கி, மூடாத அந்த இடது கையின் விரல் முட்டிகளால் அழுத்தி ஒட்டினார். வழியில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

“குடுங்க அண்ணா. நானே போடறேன்.”

கடிதத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்டிக்குகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். யாரோ வாசல் கழுவிவிட்டிருந்தார்கள். தெரு ஈரமாக இருந்தது. தியோடர் பின்னால் போகக் காலெடுத்து, எடுத்த காலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம்.

தெருமுனைத் தபால் பெட்டிக்கு முன்னால் ஜெயகுமாரி நின்றார். வலது ஸ்டிக்கைப் பட்டையோடு மணிக்கட்டில் தொங்கவிட்டு, வலது கையால் கடிதத்தை எடுத்தார். இடது கை இடது ஸ்டிக்கைப் பிடித்தபடியே இருந்தது. அதன்மேல் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, எட்டி, கடிதத்தை உள்ளே போட்டார்.